டீப்பாய்க்குப் பதிலாக ஒட்டோமான் போடப் போகிறீர்களா?

காரைக்குடியில் குஷன் வேலை செய்கிறேன். சோபாவுக்கு முன்னால் கண்ணாடி டீப்பாய் போட்டிருந்த வீடுகளில் இப்போது அதை எடுத்துவிட்டு ஒட்டோமான் கேட்கிறார்கள். சாய்மானமும் கைப்பிடியும் இல்லாமல், மேலே மெத்தை தைத்த அகலமான ஸ்டூல். முட்டியில் இடிக்காது, குழந்தை தடுக்கி விழுந்தாலும் மண்டை உடையாது, விருந்தாள் கூடினால் உட்காரவும் ஆகும். எல்லாம் சரிதான். ஆனால் கடைக்குள் வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது துணி ஆல்பத்தை. துணியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காபி டம்ளரைத் தாங்க வேண்டிய பொருளுக்கு முதலில் உயரம், அப்புறம் உள்ளே இருக்கிற கெட்டி.

உயரத்தைச் சோபா காலியாக இருக்கும்போது அளக்காதீர்கள். 18 அங்குலம் என்று டேப் காட்டும். ஆள் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கி 16-க்கு வந்துவிடும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, அந்த அமுங்கிய உயரத்தை எடுங்கள். ஒட்டோமான் அதே அளவு இருக்கலாம், ஓர் அங்குலம் குறைந்தாலும் நல்லது. கூடக்கூடாது. கூடினால் காலை நீட்டிய கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு போதும்: ஆறடிச் சோபாவுக்கு நாலடி. நடுவில் 15 முதல் 18 அங்குலம் இடைவெளி விட்டால் கையும் எட்டும், காலும் நுழையும். இந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து ஒட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க வீட்டில் நடமாடிப் பாருங்கள். ஹாலில் ஊஞ்சல் தொங்கினால் அதை வீசி ஆட்டிப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். ஊஞ்சல் பலகை வந்து இடித்தால் முதலில் பிய்வது ஒட்டோமானின் ஓரத் தையல்தான்.

வடிவம் பற்றி எனக்கு ஒரே பிடிவாதம் உண்டு. நாலடி நீளத்தில் ஒன்று செய்வதைவிட, இரண்டடிச் சதுரத்தில் இரண்டு செய்து ஒட்டிப் போடுங்கள். பழைய வீடுகளில் உள்ளறைக் கதவு குறுகல், நிலைப்படி உயரம். பெரிய சாமானைச் சாய்த்துத் திருப்பி நுழைப்பதற்குள் துணி கிழியும். இது ஒரு காரணம். இன்னொன்றுதான் முக்கியம். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டுக்கு அளவெடுக்கப் போனபோது என்னைக் கேட்டார்: "ஏப்பா, கால் வைக்கிற இடத்துலயா காபி வைக்கச் சொல்ற?" நியாயமான கேள்வி. தட்டு வைக்கும் இடத்தில், செய்தித்தாளும் புத்தகமும் கிடக்கும் இடத்தில் கால் படுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். அலங்காரப் படங்களில் ஒரே ஒட்டோமான்மேல் பாதியில் தட்டும் பாதியில் காலும் இருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. இரண்டாக இருந்தால் சிக்கலே இல்லை: ஒன்று தட்டுக்கு, ஒன்று காலுக்கு. விசேஷ நாளில் இரண்டும் இருக்கை. சேர்த்துப் போடும்போது விலகாமல் இருக்க, அடிச்சட்டத்தில் ஒரு பட்டை வெல்க்ரோ அடித்துத் தரச் சொல்லுங்கள். கால் வைப்பதற்கு வேறு நிறத்தில் உறை போட்டுவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் குழப்பம் வராது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். உட்காருவதற்கு மட்டும் என்றால் சட்டத்தின்மேல் எலாஸ்டிக் பெல்ட் பின்னி ஃபோம் போடுவோம், சுகமாக இருக்கும். தட்டு வைப்பதற்கு அது ஆகாது. ஒரு பக்கம் கை ஊன்றினால் மறுபக்கம் டம்ளர் சாயும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் மேல்பலகை வேண்டும். அதன்மேல் ரீபாண்டட் ஃபோம் (துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிய கெட்டி ரகம்) இரண்டு அங்குலம், தொடுவதற்கு மெத்தென்று இருக்க 40 டென்சிட்டி ஃபோம் ஓர் அங்குலம். இலவம் பஞ்சு போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. தலையணைக்கு அதைப்போல வராது. இதற்கு வேண்டாம், சீக்கிரமே நடுவில் குழி விழுந்துவிடும். கடையில் செய்து வைத்ததை வாங்குவதானால் ஒரு தட்டில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்து, ஒட்டோமானின் எதிர் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். தண்ணீர் தளும்பினால் அது ஸ்டூல், டீப்பாய் ஆகாது.

பட்டன் இழுத்துத் தைத்தது படத்தில் அழகாகத்தான் இருக்கும். தேன்குழலும் சீப்புச் சீடையும் தின்கிற வீட்டில் ஒவ்வொரு பட்டன் குழியும் எறும்புக்கு அன்னதானச் சத்திரம். மேல்பகுதி தட்டையாக, ஓரத்தில் பைப்பிங் (தையலோடு வரும் உருட்டு விளிம்பு) மட்டும் போதும். மூடியைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்கிற பெட்டி மாதிரியையும் நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் தட்டை இறக்கிவிட்டுத் திறப்பது யார்?

தவிர, பெட்டி மாதிரி தரையோடு உட்காரும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் அது இரட்டைத் தப்பு. துடைப்பான் அடியில் போகாது, ஈரம் ஓரத்தில் ஏறும், தரையும் மறையும். கண்ணாடிமேல் ஒவ்வொரு கல்லாகச் சாயம் ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த தரை. அதைக் காட்டத்தானே வீடு. ஐந்து, ஆறு அங்குலக் கால் வையுங்கள், அடியிலும் பூ தெரியட்டும். அந்தக் காலின் அடியில் இரும்பு புஷ் (குமிழ்) அடிக்க விடாதீர்கள். துடைக்கிற தண்ணீர் பட்டுத் துரு இறங்கினால் சிமென்ட் கல்லில் அந்தக் கறை போகாது. தடித்த ஃபெல்ட் ஒட்டி, தேயத் தேய மாற்றுங்கள். தரை பூப்போட்டது என்பதால் ஒட்டோமானுக்குப் பூப்போட்ட துணி வேண்டாம். கல்லில் இருக்கும் நிறங்களில் குறைவாக வரும் ஒன்றை எடுத்து, அதில் வெறும் ஒற்றை நிறம். சிவப்புத் தரையில் அங்கங்கே கடுகு மஞ்சள் வந்தால் அந்த மஞ்சள்.

மொசைக், டைல்ஸ், வெறும் சிமென்ட் தரை என்றால் கண்டாங்கியைத் தாராளமாகப் போடலாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. அந்தக் கட்டம் எட்ட இருந்து பார்த்தாலே நம் ஊர் என்று சொல்லும். ஆனால் சேலையைச் சேலையாகவே இழுத்து ஸ்டேப்ளர் அடித்தால் தையல் ஓரத்தில் இழை விலகும். முதலில் துவைத்து, சுருங்குவது சுருங்கட்டும், சாயம் போவது போகட்டும். அடியில் காடாத் துணி கொடுத்து, ஜிப் வைத்துக் கழற்றி மாட்டும் உறையாகத் தையுங்கள். மூலையில் கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும், அதற்குக் கொஞ்சம் துணி வீணாகும். அப்படியும் ஒரு சேலையில் இரண்டு ஒட்டோமானுக்கும் உறை வந்து, மிச்சத்தில் திண்டு உறையும் தேறும். மலிவு ரெக்சின் வேண்டாம்; நம் வெயிலிலும் வேர்வையிலும் மேல்தோல் உரிந்து வரும். வெல்வெட் சித்திரை மாதத்தில் உங்களுக்கே பிடிக்காது.

இனி மேலே வைப்பது. தட்டு இல்லாமல் ஒட்டோமான் டீப்பாய் ஆகாது. தட்டு, மேற்பரப்பில் பாதிக்குமேல், முக்காலுக்குள். பரணில் கிடக்கும் பித்தளைத் தாம்பாளம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். விளிம்பு உயரம், கனம் அதிகம், சூடு தாங்கும். புளி போட்டுத் தேய்த்தபின் அடிப்பக்கம் நன்றாகக் காயட்டும்; ஈரத்தோடு வைத்தால் துணியில் பச்சைக் கறை பிடிக்கும். தாம்பாளம் இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் எனாமல் தட்டு தேடலாம். வாங்கும்முன் அடியைத் தடவிப் பாருங்கள், பெயர்ந்த இடம் துணியைக் கிழிக்கும். தட்டுக்குள் மூன்று பொருளுக்குமேல் வேண்டாம். ரிமோட்டும் மூக்குக்கண்ணாடியும் போட ஓலைக் கொட்டான் ஒன்று, கனமான அடியுள்ள சின்னச் செம்பில் இரண்டு கொத்து இலையோ பூவோ, மீதி இடம் டம்ளருக்கு. உயரமான பூச்சாடி, எரிகிற மெழுகுவத்தி இரண்டும் மெத்தைமேல் கூடவே கூடாது.

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் சோபா போட்டிருப்பவர்கள் முற்றத்து விளிம்பிலிருந்து ஒட்டோமானைத் தள்ளியே வையுங்கள். சித்திரை வெயில் ஒரு பக்கத்தை மட்டும் வெளுக்கும், ஐப்பசிச் சாரல் ஃபோமுக்குள் இறங்கினால் நாற்றம் போகாது. மழை மாதங்களில் அவ்வப்போது உறையைக் கழற்றி, ஒட்டோமானைச் சாய்த்து மின்விசிறிக் காற்று பட வையுங்கள். அப்போதே அடிப்பக்கம் அடித்திருக்கும் கறுப்புத் துணியையும் கால்களையும் பாருங்கள். வீட்டு மரம் பர்மாத் தேக்காக இருக்கலாம். ஒட்டோமான் சட்டம் பெரும்பாலும் மட்ட மரம், கரையானுக்கு அதுதான் பிடிக்கும். மண் கோடு தெரிந்தால் தட்டிவிட்டதோடு விடாதீர்கள், எங்கிருந்து ஏறியது என்று சுவர் ஓரத்தையும் தரை இடுக்கையும் சேர்த்துத் தேடி மருந்து அடியுங்கள்.