மூளை பைபாஸுக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

மூளைக்குப் போகும் தமனிகள் மெல்ல மெல்ல அடைபடும் மோயமோயா நோய்க்கு, காதுக்கு முன்னால் ஓடும் உச்சந்தலைத் தமனியை உள்ளே கொண்டுபோய் மூளைத் தமனியோடு தைக்கிறார்கள்; இதுதான் மூளை பைபாஸ். அந்தப் பக்கம் கண்ணாடிக் காம்போ இறுக்கமான கட்டோ அழுத்தினால் இணைப்பு அடைபடலாம்.

முதல் 2 வாரம் ரத்த அழுத்தம்தான் முக்கியம். ஏறினால், ரத்தத்துக்கு ஏங்கிக் கிடந்த மூளைப் பகுதியில் வெள்ளமாகப் பாய்ந்து தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ரத்தக்கசிவு வரை போகும். இறங்கினால் பக்கவாதம். காலையும் மாலையும் அளந்து, மருத்துவர் சொன்ன வரம்போடு ஒப்பிடுங்கள். வாந்திபேதியில் உடல் வற்றினாலும் இதே ஆபத்துதான். நோயாளி குழந்தையென்றால், தேம்பித் தேம்பி அழும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைத் தமனிகள் சுருங்கும். தையல் பிரிக்கும்போதுகூட வலியில்லாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கத் தந்த ஆஸ்பிரினை, பல் பிடுங்குவதற்காகக்கூட, நீங்களாக நிறுத்தாதீர்கள். தையலோரம் கறுத்தால் அன்றே காட்டுங்கள். தோலுக்கான ரத்தம்தானே உள்ளே திருப்பப்பட்டிருக்கிறது!

வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள், சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்.