புதருக்குள் போய்வருகிறவர்களுக்கு: உண்ணிக் கடியையும் உண்ணிக் காய்ச்சலையும் தவிர்ப்பது எப்படி?

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் முழங்கால் உயரத்துக்குப் புல். மலையேறப் போகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், நூறு நாள் வேலையில் வாய்க்கால் ஓரம் புதர் வெட்டுபவர்கள் எல்லோரும் அதற்குள்தான் நடக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் இந்த உண்ணிக் காய்ச்சல் அதிகம் வருவதும் அந்தக் குளிர்மாதங்களில்தான். நேரத்தில் கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிரைப் பறிக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

படி 1: எது கடிக்கிறது?

இரண்டு வகை. நாய், மாடு மேல் பார்க்கும் உண்ணி ஒன்று. கண்ணுக்குத் தெரியும், தோலில் பல நாள் ஒட்டியிருந்து ரத்தம் குடிக்கும். இன்னொன்று மைட் என்னும் நுண்பூச்சியின் லார்வா, அதாவது அதன் குஞ்சு. அது சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும், கடிப்பதும் தெரியாது. ஸ்க்ரப் டைபஸ் பாக்டீரியாவைப் பரப்புவது இந்த லார்வாதான். ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எலிகள் நடமாடும் புதரும் புல்லும் இதற்குப் பிடித்த இடம். இரண்டுமே பறக்காது, குதிக்காது. நாம் உரசிப் போகும்போது ஒட்டிக்கொள்ளும்.

படி 2: உடையும் மருந்தும்

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய ஷூ. கால்சட்டையின் அடிப்பகுதியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். சட்டையை இடுப்புக்குள் விடுங்கள். வெளிர் நிற உடையில் உண்ணி ஊர்ந்தால் உடனே தெரியும். வேட்டியோ புடவையோ கட்டி வேலை செய்பவர்கள் உள்ளே ஒரு லெக்கின்ஸோ டிராக் பேண்ட்டோ போட்டு அதைச் சாக்ஸுக்குள் செருகலாம்.

வெளியே தெரியும் தோலில் பூச்சிவிரட்டி தடவுங்கள். வாங்கும்போது லேபிளில் டீட் அல்லது பிக்காரிடின் என்று இருக்கிறதா பாருங்கள். சன்ஸ்கிரீனும் போடுவதானால் அதை முதலில், விரட்டியை அதன்மேல். பெர்மெத்ரின் என்னும் பூச்சிமருந்து கிடைத்தால் அது துணிக்கும் ஷூவுக்கும் மட்டும், தோலில் படக் கூடாது. தெளித்து நன்றாகக் காய்ந்த பிறகே உடுத்துங்கள்.

படி 3: போன இடத்தில்

ஒற்றையடிப் பாதையின் நடுவில் நடங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள், தார்ப்பாயாவது விரித்துக்கொள்ளுங்கள். வியர்த்த சட்டையைக் கழற்றிப் புதர்மேல் காயப்போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், கொடி கட்டிக் காயப்போடுங்கள். மலம் கழிக்கப் புதர் மறைவில் குந்துவதும் ஆபத்துதான். கழிப்பறை இல்லாத இடத்தில் புல் இல்லாத வெறுந்தரையாகப் பாருங்கள்.

படி 4: வீட்டுக்கு வந்ததும்

இந்தப் படியை மட்டும் எந்தக் களைப்பிலும் விடாதீர்கள். உடைகளைக் கட்டிலில் போடாமல் நேராக வெந்நீரில் ஊறவையுங்கள். சோப்புப் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளியுங்கள். ஒட்டிக்கொண்ட லார்வா ஊன்றிக் கடிப்பதற்குள் பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம் கண்ணாடி முன் நின்று தேடுங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பு நாடா அழுத்தும் இடம், தொப்புள், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடிக்குள். முதுகை வீட்டில் யாரிடமாவது பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு நீங்களே பாருங்கள். கூட வந்த நாயையும் மறக்க வேண்டாம்.

படி 5: உண்ணி ஒட்டியிருந்தால்

மெல்லிய நுனியுள்ள ட்வீசரால், தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். திருகாமல், ஒரே சீராக நேர் மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். அதெல்லாம் உண்ணியைத் தொந்தரவு செய்து கிருமியை உள்ளே கக்க வைக்கலாம். விரலால் நசுக்கவும் கூடாது. எடுத்ததை டேப்பில் ஒட்டி மூடி எறியுங்கள். கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, தேதியுடன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வாய்த்துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் தோண்ட வேண்டாம், தோலே தள்ளிவிடும்.

படி 6: அடுத்த மூன்று வாரம்

ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் கடித்து 6 முதல் 21 நாளுக்குள் வரும். கடும் தலைவலி, உடம்பு வலி, சில சமயம் இருமலும் மூச்சுத்திணறலும் சேரும். டெங்கு, டைபாய்டு என்று சோதித்துக்கொண்டே நாள் போய்விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. எனவே காய்ச்சல் வந்தால் படி 4-இல் சொன்ன இடங்களை மறுபடி பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்புமாக ஒரு புண் இருக்கலாம். வலிக்காது, அதனால் பலருக்கு இருப்பதே தெரியாது. கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். புண் இல்லாவிட்டாலும் இந்தக் காய்ச்சலாக இருக்கலாம். எனவே "பத்து நாளைக்கு முன்னால் காட்டுக்குப் போயிருந்தேன், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். முதல் சில நாளில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் காட்டக்கூடும் என்பதால் இந்தத் தகவல் டாக்டருக்கு ரொம்ப உதவும்.

மருந்து டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருவதாக, வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்களுக்கு

1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் பின்னாளில் வயநாட்டிலும் வந்தது. இது உண்ணி பரப்பும் வைரஸ். மேலே சொன்ன மாத்திரைகள் இதற்கு வேலை செய்யாது. டிசம்பர் முதல் மே வரை அதிகம். காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். காட்டுக்குப் போய்வந்த ஒரு வாரம் பத்து நாளுக்குள் திடீர்க் காய்ச்சலோ, ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.