வாடிய தொட்டிச் செடிக்கு அடியிலிருந்து தண்ணீர்

மண் இறுகி வாடிப்போன தொட்டிச் செடிக்கு மேலிருந்து ஊற்றாமல், கால்வாசி தண்ணீர் நிரப்பிய அகலமான பிளாஸ்டிக் டப்பில் தொட்டியை அரை மணி நேரம் வைத்து, மேல்மண் ஈரமானதும் எடுத்து நிழலில் வடியவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாம் தொட்டிகளில் நிரப்பும் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், மண் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து நகம் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடித்துளையில் வெளியேறிவிடுவதால், அடித்தட்டு நிறைந்தாலும் நடுவேர் காய்ந்தே கிடக்கும். அடியிலிருந்து ஏறும் ஈரமோ மண்துகள்களுக்கிடையே மெல்லப் பரவி, மண்ணை உப்பச் செய்து இடுக்கை அடைத்துவிடும். புதுத் தளிர் தெரியும்வரை உரம் இட வேண்டாம்.

சித்திரை வெயிலில் நண்பகலில் மட்டும் துவண்டு, மாலையில் தானே நிமிரும் செடிக்கு இது தேவையில்லை. இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் அது வேரழுகலாக இருக்கக்கூடும். அதற்கு இம்முறை கூடவே கூடாது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் இதையே வழக்கமாகச் செய்தால் மேல்மண்ணில் வெண்ணிறப் படிவு சேரும் என்பதால், இடையிடையே மேலிருந்தும் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட வேண்டும்.