வீட்டில் ஒருவருக்குச் சின்னம்மை போட்டால் மற்றவர்களுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அம்மை போட்ட பிள்ளையைத் தனி அறையில் படுக்க வைத்து, வாசலில் வேப்பிலை செருகி, தட்டு டம்ளரைப் பிரித்து வைத்துவிட்டால் போதும் என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறோம். தனி அறை நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் சின்னம்மைக் கிருமி முதல் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மூச்சு வழியாகக் காற்றில் பரவ ஆரம்பித்துவிடும். நீங்கள் கொப்புளத்தைப் பார்க்கிற நேரத்தில், கூடப் படுத்துத் தூங்கிய தம்பி தங்கைக்கு அது ஏற்கெனவே போயிருக்கும். முன்பு அம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஆட்கள் ஒரே வீட்டில் இருந்தால் 10 பேரில் சுமார் 9 பேருக்குத் தொற்றிவிடும்.

அதனால் முதல் வேலை, வீட்டில் யாருக்கெல்லாம் இதுவரை அம்மை வரவில்லை என்று கேட்பது. ஏற்கெனவே வந்தவர்களுக்கு மறுபடி வருவது அபூர்வம், பிள்ளையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். வராதவர்கள் அன்றைக்கே டாக்டரிடம் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தொற்றிய 3 நாளுக்குள், அதிகம் போனால் 5 நாளுக்குள் போட்டுக்கொண்டால் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக முடியும்.

கர்ப்பிணிக்கு இந்த ஊசி கூடாது. அம்மை வராத கர்ப்பிணி வீட்டில் இருந்தால், அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அவருக்குத் தர வேறு மருந்து இருக்கிறது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை கண்டால் பச்சைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இந்த ஊசி கூடாது, இதே அவசரம்தான்.

கொப்புளத்து நீர் பட்டாலும் பரவும். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், துண்டையும் தலையணை உறையையும் தனியாகத் துவையுங்கள். அரிப்புக்கு வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடிவிடுவது நகத்தால் சொறிவதைவிட எவ்வளவோ மேல். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது.

அப்புறம், மூன்றாம் தண்ணீர் ஊற்றியாச்சு, பள்ளிக்கூடம் அனுப்பலாமா என்று கேட்பார்கள். தண்ணீர்க் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொப்புளம் ஒரே நாளில் வராது, நாலைந்து நாள் வரை புதிது புதிதாகக் கிளம்பும். நல்ல வெளிச்சத்தில் பிள்ளையை நிறுத்தி, முதுகு, அக்குள், முடிக்குள்ளே தலை எல்லாம் பாருங்கள். நீர் கோத்த கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல் எல்லாமே பொருக்குத் தட்டியிருந்தால் அனுப்பலாம். காய்ந்த பொருக்கால் பரவாது, தழும்பு மறையும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பாட்டிக்கு அக்கி வந்திருந்தால் அதுவும் இதே கிருமிதான். அந்த நீர் பட்டால் அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரும், அதனால் அந்த இடத்தைத் துணியால் மூடியே வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, காலண்டரை எடுத்துக் குறித்துவையுங்கள். தொற்றிய 10 முதல் 21 நாளுக்குள்தான் அடுத்தவருக்குக் கொப்புளம் கிளம்பும். அதற்கு முன்பே பரவும் என்பதால், இதுவரை வராத பிள்ளைகளை 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை கல்யாணம், வளைகாப்பு, குழந்தை பிறந்த வீடு எதற்கும் கூட்டிப்போக வேண்டாம்.