சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

இருபத்திரண்டு வருஷமாக லேபில் ரத்தம் எடுக்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் தடித்த எழுத்தில் அச்சான எண்ணுக்குத்தான் போகிறது. அந்த ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் ரத்தம் எடுக்கும்போதே கவனியுங்கள். சிபிசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நரம்பு சுலபமாகக் கிடைக்கும். ஊதா மூடி போட்ட குப்பியில் ரத்தம் விட்டதும் அதை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் இடிடிஏ கலந்தால்தான் ரத்தம் உறையாமல் இருக்கும். வேகமாகக் குலுக்கினால் அணுக்கள் உடையும். அப்படியே வைத்துவிட்டால் சின்னச் சின்னதாகக் கட்டிவிடும், எண்ணிக்கையும் தப்பாக வரும்.

அந்தக் குப்பியை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் ரத்தம் பிரிந்து நிற்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, பாதிக்கும் சற்று அதிகம். பெரும்பாலும் தண்ணீர்தான், அதில் புரதமும் உப்பும் சர்க்கரையும் கலந்திருக்கும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். நடுவே பாலாடை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களும், காயத்தை அடைக்கும் பிளேட்லெட்டும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். அடியில் உள்ள சிவப்பு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதைத்தான் ரிப்போர்ட்டில் பிசிவி என்று போடுகிறோம்.

வெள்ளை அணு 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். சளிக் காய்ச்சலில் கொஞ்சம் ஏறும், இறங்கும். வெள்ளை அணுவில் ஒரு வகையான ஈசினோஃபில் மட்டும் கூடினால் அலர்ஜி, இழுப்பு, வயிற்றுப் பூச்சி என்று டாக்டர் யோசிப்பார். 'பிளாஸ்ட்' (முதிராத அணு) என்று ஒரு சொல் இருந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோயா என்று உடனே பார்க்க வேண்டிய அறிகுறி அது.

பிளேட்லெட் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. டெங்கு காலத்தில் இந்த எண்தான் ஊரையே தூங்கவிடாது. ஒருமுறை ஒரு அப்பா வேறு இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டோடு ஓடி வந்தார். மகனுக்கு 28,000. ரத்தம் கொடுக்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பையனோ பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு தேய்த்து (இதைத்தான் ஸ்மியர் என்போம்) மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. சிலர் ரத்தம் இடிடிஏவில் அப்படி ஒட்டும், மெஷினுக்கு எண்ணத் தெரியாது. இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் இருக்கும் நீல மூடிக் குப்பியில் மறுபடி எடுத்தேன். 1.9 லட்சம். அதனால் பிளேட்லெட் திடீரென்று மிகக் குறைவாக வந்தால், "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நிஜமான டெங்கு என்றால் பிசிவி ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிகிறது என்று அதற்கு அர்த்தம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி உடம்பெல்லாம் கொண்டு சேர்ப்பது இதுதான். பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்த சோகை. ஆனால் எந்த ரத்த சோகை? அதற்குப் பக்கத்தில் எம்சிவியைப் பாருங்கள். அது சிவப்பணுவின் அளவு. 80க்குக் கீழே என்றால் அணு சிறியது, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. 100க்கு மேல் என்றால் பி12, ஃபோலிக் ஆசிட் வைட்டமின்கள் குறைவா என்று டாக்டர் தேடுவார். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கூடவே எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். எண் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் ஆகும். வயதானவர்களுக்கு இரும்பு குறைந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று குடலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஹீமோகுளோபின் 10.2. இரண்டு வருஷம் இரும்பு மாத்திரை தின்றும் ஏறவில்லை. "அக்கா, நான் ஒழுங்காத்தான் சாப்பிடறேன்" என்று அழுதாள். வீட்டில் யாரும் நம்பவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். எம்சிவி 64, சிவப்பணு எண்ணிக்கை 5.6 மில்லியன். இரும்பு குறைந்தால் எண்ணிக்கையும் சாதாரணமாகக் குறையும், இவளுக்கோ கூடியிருந்தது. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கடத்தியாக இருக்கலாம். இது ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல. இவளுக்கு 11.4. டாக்டரிடம் சொல்லி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்பிஎல்சி டெஸ்ட் எடுத்தோம். அதில் ஏ2 என்ற வகை 5.2 சதவீதம், சாதாரணத்தைவிட அதிகம். தலசீமியா மைனர், அதாவது கடத்திதான். அவளுக்கு நோய் இல்லை, பிறவியிலேயே அணு சிறியது, அவ்வளவுதான். ஆனால் கணவனும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா மேஜரோடு பிறக்க.

போன தை மாதம் அவளுக்கு வரன் அமைந்தது. அவளே மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லி எங்கள் லேபுக்குக் கூட்டி வந்தாள். அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். எம்சிவி 88, ஏ2 2.6. ரிப்போர்ட்டை நான் கொடுப்பதற்கு முன்னாலேயே அவள் எம்சிவி வரியில் விரலை வைத்துவிட்டாள்.