தண்ணீர் நிறைய இருந்தும் துவண்ட சாலட் கீரை

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி பால்கனியில், மீன் வரும் பொலிஸ்டைரின் பெட்டியில் வளர்ந்த சாலட் கீரை நான்காம் வாரம் நண்பகலில் துவண்டது. பெட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கோளாறே அதுதான்.

மண்ணும் மோட்டாரும் இல்லாமல் உரநீரில் செடி வளர்க்கும் கிராட்கி முறையில், நீர் இறங்க இறங்க வெளியே தெரியும் மேல்வேர்கள் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கப் பழகிவிடும். நான் விளிம்புவரை ஊற்றி அவற்றை மூழ்கடித்துவிட்டேன். மூடியைத் தூக்கினால் வேரெல்லாம் பழுப்பு. விரலால் இழுத்ததும் தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நின்றது. நீரின் வெப்பம் 31 டிகிரி. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும், வேரழுகல் விரைவாகப் பரவும்.

அழுகியதைக் கத்தரித்துப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு புது உரநீர்: திரவ உரம் ஏ, பி என்று இரண்டு போத்தல்களில் வரும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஏ கரைசல் 50 மில்லி. நன்றாகக் கலக்கிய பிறகே பி கரைசல் 50 மில்லி. (என் போத்தலில் லிட்டருக்கு 5 மில்லி என்று போட்டிருக்கிறது, உங்களுடையதைப் பாருங்கள்.) இரண்டையும் நீர் சேர்க்காமல் ஒன்றாக ஊற்றினால் கால்சியம் வெள்ளை வண்டலாகிவிடும், செடிக்குக் கிடைக்காது. பிஎச் (அமில-கார அளவு) 6, ஈசி (நீரில் கரைந்த உரத்தின் செறிவைக் காட்டும் மின்கடத்து அளவு) 1.4.

நீர்மட்டம் வேரின் கீழ்ப்பாதிவரை மட்டும். மீண்டும் ஊற்றும்போது பாதிச் செறிவு போதும். நம் வெயிலில் செடி உரத்தைவிடத் தண்ணீரையே வேகமாகக் குடிக்கிறது, ஈசி தானாக ஏறும். பெட்டியைக் காலை வெயில் மட்டும் படும் மூலைக்கு மாற்றினேன். ஒன்பதாம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

மூடியில் செடி நிற்கும் குவளையைச் சுற்றியுள்ள இடுக்கைப் பஞ்சால் கட்டாயம் அடையுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு உள்ளே புகுந்து முட்டையிட அந்த இடுக்கே போதும்.