ஸ்னோமொபைல் கைப்பிடி சூடாகவில்லையா? முதலில் ஓம் பாருங்கள்

ஸ்னோமொபைலில் (பனிமேல் ஓட்டும் வண்டி), கை குளிராமல் இருக்க மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடிகளில் ஒரு பக்கம் மட்டும் சூடாகாவிட்டால், புதிது வாங்கும் முன் இன்ஜினை நிறுத்தி, அதன் கனெக்டரைக் கழற்றி, கைப்பிடியிலிருந்து வரும் இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை அளவு) பாருங்கள். சூடாகும் கைப்பிடியையும் அளந்து ஒப்பிடுங்கள். உள்ளே இருப்பது சூடேற்றும் கம்பிதான். நன்றாக இருந்தால் சில ஓம் காட்டும், அறுந்திருந்தால் இணைப்பே இல்லை என்று காட்டும். அளக்கும்போதே ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்புங்கள். அளவு விட்டுவிட்டு வந்தால், வளைந்து நிமிரும் இடத்தில் ஒயர் அறுந்திருக்கலாம். அதை மட்டும் சரிசெய்தால் போதும், செலவு மிச்சம். அளவு சரி என்றால் கனெக்டரில் துருவோ ஈரமோ இருக்கிறதா பாருங்கள்.

இரண்டுமே சூடாகாவிட்டால் இதில் நேரம் செலவழிக்காமல் ஃப்யூஸையும் சுவிட்சையும் பாருங்கள். அப்புறம், பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் கைப்பிடிக்கு மின்சாரமே வரும்.